தடங்கலுக்கு வருந்துகிறோம்: ஜாக்சன் நகரத்து மூன்றாம் சேனலின் கதை

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

தூர்தர்ஷன் காலத்து ஆட்களுக்கு ஓர் அட்டை மறக்கவே மறக்காது. 'ஒளியும் ஒலியும்' ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று படம் நின்றுபோகும். "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று எழுத்து வந்து நிற்கும். ஊராட்சி மன்றக் கட்டடத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் "ச்சே" என்று ஒரே குரலில் சொல்லும். ஆனால் அந்த அட்டையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. மழையோ, கரண்டோ, கொடைக்கானல் டவரோ, ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொள்வோம்.

அதே மாதிரி ஓர் அட்டை 1955இல் அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகரான ஜாக்சனில் டி.வி. திரையில் வந்தது. "மன்னிக்கவும், கேபிள் கோளாறு" என்பது அதன் பொருள். அந்த நேரத்தில் திரையில் தோன்றியிருக்க வேண்டியவர் தர்குட் மார்ஷல். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைமை வழக்கறிஞர். பள்ளிக்கூடங்களில் கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று 1954இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தவர். (பின்னாளில், 1967இல், அதே உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவரும் இவர்தான்.) அவர் பேசும் நிகழ்ச்சி நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஜாக்சன்காரர்களுக்கு மட்டும் அட்டைதான் வந்தது. கேபிளில் ஒரு கோளாறும் இல்லை, வேண்டுமென்றே துண்டித்தார்கள் என்பது புகார்.

அந்தப் புகார் என்ன ஆனது என்பதுதான் இந்தப் பதிவு. அது முடிய பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் என்றால் நமக்கு மார்ட்டின் லூதர் கிங் தெரியும், ரோசா பார்க்ஸ் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானும் அந்தப் பெயர்களைத்தான் சொல்லிக்கொடுத்தேன். தெருவில் நாய்களை ஏவிவிட்டதும், தண்ணீர்க் குழாயால் பிள்ளைகளை அடித்ததும் டி.வி.யில் வந்து நாட்டையே உலுக்கின என்றும் படித்திருப்போம். அது உண்மைதான். ஆனால் அவற்றை நாட்டுக்குக் காட்டியவை நியூயார்க்கில் இருந்த பெரிய நிறுவனங்கள். அந்தத் தெருவிலேயே இருந்த உள்ளூர் டி.வி. என்ன காட்டியது என்று நாம் கேட்பதில்லை.

இந்த இடத்தில் அமெரிக்க டி.வி. எப்படி இயங்கியது என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை புரியாது. என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. என்று மூன்று பெரிய நிறுவனங்கள். இவை நிகழ்ச்சிகளைத் தயாரித்து நாடு முழுவதும் அனுப்பும். ஆனால் உங்கள் வீட்டு ஆன்டெனாவுக்கு அதை அனுப்புவது ஊரில் இருக்கும் தனியார் நிலையம். அதற்கு முதலாளி வேறு. வருகிற நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்று விடலாம், அதற்குப் பதில் வேறு எதையாவது போடலாம். நம்மூர் வாய்க்காலில் மதகு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அணையில் தண்ணீர் திறந்துவிட்டாலும் மதகுக்காரர் மனசு வைத்தால்தான் வயலுக்கு வரும்.

ஜாக்சனில் அந்த மதகு டபிள்யூ.எல்.பி.டி. என்ற நிலையத்தின் கையில் இருந்தது. மூன்றாம் சேனல். 1953 கடைசியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. முதலாளி லாமர் லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம். மேலாளர் ஃபிரெட் பியர்ட், சிட்டிசன்ஸ் கவுன்சில் என்ற அமைப்பின் உறுப்பினர். 1954 தீர்ப்பு வந்த கையோடு, அதை எப்படியாவது நடக்கவிடாமல் செய்வதற்காக மிசிசிப்பியிலேயே வெள்ளையர்கள் தொடங்கிய அமைப்பு அது. முகமூடி போட்டுக்கொண்டு ராத்திரியில் வருகிற கூட்டம் இல்லை. வங்கிக்காரர், வக்கீல், கடை முதலாளி, மேயர் என்று பகலில் கோட்டு போட்டுக்கொண்டு கூடியவர்கள். கறுப்பின மனிதர் ஒருவர் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கப் போனால், மறுநாள் அவருக்கு வேலை போகும், கடன் நிற்கும். அதுதான் அவர்கள் பாணி. அந்தக் கவுன்சில் தயாரித்த நிகழ்ச்சி மூன்றாம் சேனலில் வந்தது. மறுதரப்புக்கு இடமில்லை.

இத்தனைக்கும் அந்த நிலையம் சென்று சேரும் பகுதியில் கறுப்பின மக்கள் 45 சதவீதம். பாதிக்குக் கொஞ்சம் குறைவு. டி.வி. பெட்டியை அவர்களும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருந்தார்கள். விளம்பரத்தில் வரும் சோப்பையும் அவர்களும்தான் வாங்கினார்கள்.

அமெரிக்காவில் டி.வி. நிலையம் நடத்த எஃப்.சி.சி. என்ற மத்திய ஆணையத்திடம் உரிமம் வாங்க வேண்டும். அப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காரணம் எளிது. காற்றில் இருக்கும் அலைவரிசை யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை, பொதுச் சொத்து. அதைப் பயன்படுத்துகிறவர் பொதுநலனுக்காகப் பயன்படுத்த வேண்டும். சர்ச்சைக்குரிய விஷயம் என்றால் இரண்டு தரப்பையும் காட்ட வேண்டும் என்ற விதியும் இருந்தது. எழுத்தில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

1955இல் அட்டை விவகாரம் பற்றிப் புகார் போனது. 1957இல், பள்ளிகளில் பிரிவினை தொடர வேண்டும் என்று வாதிடும் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டு, எதிர்த்தரப்புக்கு நேரம் தர மறுத்தார்கள் என்று இன்னொரு புகார். அப்போது எழுதியவர்களில் ஒருவர் மெட்கர் எவர்ஸ் என்ற இளைஞர். என்.ஏ.ஏ.சி.பி.யின் மிசிசிப்பிக் களச் செயலாளர். இவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆணையம் புகார்களைப் படித்தது. எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் நடந்த தவறு, உரிமத்தை மறுக்கும் அளவுக்கு இல்லை என்று சொல்லிப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டது. அரசு அலுவலகத்துக்கு மனு எழுதிப் பழக்கப்பட்ட யாருக்கும் இந்தப் பதிலின் வாசனை தெரியும்.

1962இல் இரண்டு சம்பவங்கள். முதலாவது ஆர்.எல்.டி. ஸ்மித் என்ற பாதிரியாரைப் பற்றியது. ஜாக்சனில் மளிகைக்கடையும் வைத்திருந்தவர். கறுப்பினத்தவர். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் நின்றார். காசு கொடுத்து டி.வி.யில் நேரம் வாங்க மூன்றாம் சேனலுக்குப் போனார். இலவசமாகக் கேட்கவில்லை, காசுக்குத்தான். மறுத்தார்கள். வாஷிங்டனுக்குப் புகார் போன பிறகு, தேர்தல் நெருங்கிய கடைசி நேரத்தில்தான் அவருக்கு நேரம் கிடைத்தது.

இரண்டாவது, அதே வருடம் செப்டம்பரில் நடந்தது. ஜேம்ஸ் மெரடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர நீதிமன்ற உத்தரவு வாங்கிவிட்டார். மாநில ஆளுநரே வழிமறித்தார். செப்டம்பர் 30 இரவு வளாகத்தில் பெரிய கலவரம், இரண்டு பேர் செத்தார்கள். அந்த நாட்களில் உள்ளூர் நிலையங்கள் மெரடித்தைச் சேர்க்கக் கூடாது என்று வெளிப்படையாகத் தலையங்கம் வாசித்தன. மறுதரப்பு என்று ஒன்று இருப்பதாகவே அவை காட்டிக்கொள்ளவில்லை. இதற்கும் ஆணையத்துக்குப் புகார் போனது.

இனி மெட்கர் எவர்ஸ். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, ஓட்டுப் போடப் போனபோது துப்பாக்கியோடு நின்ற கூட்டத்தால் விரட்டப்பட்டவர். 1963 மே மாதம் ஜாக்சனில் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டம் வலுத்தது. கறுப்பினப் பெண்கள் காசு கொடுத்துச் சாமான் வாங்கும் கடையில், உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. மேயர் ஆலன் தாம்ப்சன் டி.வி.யில் தோன்றி, நம் ஊரில் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், வெளியாட்கள்தான் கிளப்பிவிடுகிறார்கள் என்ற விதமாகப் பேசினார். எவர்ஸ் விட்டுவிடவில்லை. விதிப்படி எங்களுக்கும் அதே அளவு நேரம் வேண்டும் என்று கேட்டார். ஏற்கெனவே குவிந்திருந்த புகார்களால் நிலையத்துக்கும் கொஞ்சம் பயம் வந்திருந்தது. கொடுத்தார்கள்.

1963 மே 20 அன்று மெட்கர் எவர்ஸ் மூன்றாம் சேனலில் 17 நிமிடம் பேசினார். நாம் வெளியாள் இல்லை, இங்கேயே பிறந்து வளர்ந்தவன் என்று நிதானமாக ஆரம்பித்தார். கூச்சல் இல்லை, வசை இல்லை. இந்த ஊர்க் கறுப்பின மனிதர் வீட்டுக்குப் போய் டி.வி.யைப் போட்டால் ஆப்பிரிக்காவில் புதிய நாடுகள் பிறப்பதைப் பார்க்கிறார். காங்கோவில் ஒரு கறுப்பினத்தவர் ரயில் எஞ்சின் ஓட்டலாம், ஜாக்சனில் குப்பை வண்டிகூட ஓட்ட முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னார். நான் இந்தப் பேச்சின் எழுத்து வடிவத்தைப் படித்தபோது இந்த இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தேன். எந்தப் பெட்டி தங்களை மறைத்ததோ அதே பெட்டிதான் தங்கள் மக்களுக்கு உலகத்தையும் காட்டியது என்பதை அவர் அந்தப் பெட்டிக்குள் நின்றுகொண்டே சொல்கிறார். உள்ளூர்ச் செய்தியை மறைத்துவிடலாம். ஆனால் உலகச் செய்தியை முழுக்க மறைக்க எந்த மதகாலும் முடியாது.

அதுவரை ஜாக்சன் வெள்ளையர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியும், முகம் தெரியாது. அந்த 17 நிமிடத்தில் முகமும் தெரிந்துவிட்டது. எட்டு நாள் கழித்து, மே 28 அன்று, உல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் டூகலூ கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்தார்கள். சுற்றி நின்ற கூட்டம் தலையில் தக்காளிச் சாற்றையும் கடுகு விழுதையும் சர்க்கரையையும் கொட்டியது, அடித்தது. மூன்று மணி நேரம் போல நடந்தது. போலீஸ் வெளியே நின்றது. ஜூன் 11 இரவு அதிபர் கென்னடி, குடியுரிமைச் சட்டம் கொண்டுவரப் போவதாக நாடு முழுவதற்கும் டி.வி.யில் பேசினார். எவர்ஸின் மனைவி மிர்லியும் குழந்தைகளும் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு அவருக்காக விழித்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டி வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கியவரை எதிர்ப்புதரிலிருந்து ஒருவன் முதுகில் சுட்டான். எவர்ஸுக்கு வயது 37. டி.வி.யில் பேசி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சுட்ட பைரன் டி லா பெக்வித் சிட்டிசன்ஸ் கவுன்சில் உறுப்பினர். 1964இல் இரண்டு முறை விசாரணை நடந்தது. இரண்டு முறையும் வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி முடிவுக்கு வராமல் கலைந்தது. தண்டனை கிடைத்தது 1994இல். முப்பது வருடம்!

அந்தச் சமயத்தில் வடக்கிலிருந்து ஒருவர் வந்தார். எவரெட் பார்க்கர். யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் என்ற திருச்சபையின் தகவல் தொடர்பு அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்தார். தென்மாநில டி.வி. நிலையங்களைக் கேள்வி கேட்க வேண்டும் என்று கிளம்பி, ஜாக்சனைத் தேர்ந்தெடுத்தார். என்னைப் போன்ற வாத்தியார்களுக்கு இவர் செய்த வேலை மிகவும் பிடிக்கும். ஏனென்றால் இவர் மறியல் செய்யவில்லை, அறிக்கை விடவில்லை. டி.வி. பார்க்க ஆள் ஏற்பாடு செய்தார்.

1964 மார்ச் 1 முதல் 7 வரை ஒரு முழு வாரம். ஊர்க்காரர்களான வெள்ளைத் தன்னார்வலர்கள். ஜாக்சனில் இருந்த ஒரு கல்லூரியின் அரசியல் துறைப் பேராசிரியர் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒளிபரப்பு ஆரம்பித்ததிலிருந்து முடியும் வரை என்ன நிகழ்ச்சி, யார் தோன்றினார், எவ்வளவு நேரம், கறுப்பினத்தவர் யாராவது வந்தாரா, வந்தால் என்னவாக வந்தார், அவரை எப்படிக் குறிப்பிட்டார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பரீட்சை விடைத்தாள் திருத்துவது போன்ற வேலை. சலிப்பான வேலை, ஆனால் தாளில் இருப்பதை யாரும் மறுக்க முடியாது. அந்தத் தன்னார்வலர்களின் பெயர்களைப் பார்க்கர் வெளியில் சொல்லவில்லை. தெரிந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதே வருடம் ஜூனில்தான் வாக்காளர் பதிவுக்காக வேலை செய்த மூன்று இளைஞர்கள் அதே மாநிலத்தில் கொன்று புதைக்கப்பட்டார்கள்.

அந்த வாரக் கணக்கில் தெரிந்தது என்ன? மக்கள்தொகையில் 45 சதவீதம் பேர் திரையில் கிட்டத்தட்ட இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு ஒளிபரப்பானால் வெள்ளையர் தேவாலயம்தான். இன்னொரு புகார்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கறுப்பினத்தவரைப் பற்றிப் பேசும்போது பெயருக்கு முன்னால் மிஸ்டர், மிஸஸ் என்று சொல்வதில்லை என்பது.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நம் மொழியில் 'வந்தார்' என்பதற்கும் 'வந்தான்' என்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். ஆங்கிலத்தின் வினையில் அந்த வேறுபாடு கிடையாது. அங்கே மரியாதை முழுவதும் அந்த முன்சொல்லில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது 'வந்தான்'தான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அறுபது வயதுக்காரரைப் பதினைந்து வயதுப் பையன் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பெரியவர் "சொல்லுங்க" என்று பதில் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். அதனால் இந்தப் புகார் எனக்குப் புரிய விளக்கவுரை தேவைப்படவில்லை. தினமும் சாயங்காலம் செய்தி வாசிப்பவர் ஒரு சொல்லை விட்டுவிட்டு வாசிப்பார். வெள்ளைக் குழந்தையும் கேட்கும், கறுப்புக் குழந்தையும் கேட்கும். இரண்டும் ஒரே பாடத்தைத்தான் படிக்கும்.

ஏப்ரலில் மனு தாக்கல் ஆனது. மனுதாரர்கள் பார்க்கரின் அலுவலகம், டூகலூவில் இருந்த அந்தச் சபையின் தேவாலயம், முன்பு நேரம் மறுக்கப்பட்ட அதே பாதிரியார் ஸ்மித், கிளார்க்ஸ்டேல் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஏரன் ஹென்றி. ஹென்றி அப்போது என்.ஏ.ஏ.சி.பி.யின் மாநிலத் தலைவர். இவர் பெயரை நினைவில் வையுங்கள்.

ஆணையம் சொன்ன பதில் இதுதான்: உங்களுக்கு இதில் மனு போடும் தகுதியே இல்லை. உரிம வழக்கில் யார் மனு போடலாம்? புது நிலையத்தால் தன் ஒளிபரப்பு அலை கெடுகிறது என்று சொல்லும் இன்னொரு நிலையம் போடலாம். தனக்கு வருமானம் குறைகிறது என்று சொல்லும் போட்டி முதலாளி போடலாம். டி.வி. பார்க்கிறவர் போட முடியாது. பார்க்கிறவர் சார்பில்தான் நாங்கள் இருக்கிறோமே என்றது ஆணையம். இருந்தாலும் நிலையத்தின் நடத்தை சரியில்லை என்று ஒப்புக்கொண்டு, 1965இல் மூன்று வருடத்துக்குப் பதில் ஒரு வருடத்துக்கு மட்டும், நிபந்தனைகளோடு உரிமம் கொடுத்தது. திருந்தட்டும் என்று.

பார்க்கர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 1966 மார்ச் 25 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி வாரன் பர்கர். இவர் புரட்சிக்காரர் இல்லை, பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். அதனால்தான் இந்தத் தீர்ப்புக்கு எடை அதிகம். அவர் கேட்டது எளிய கேள்வி. அலை கெட்டுப்போனவருக்கும் லாபம் குறைந்தவருக்கும் வழக்காடத் தகுதி உண்டு என்றால், யாருக்காக இந்த ஒளிபரப்பே நடக்கிறதோ அவருக்கு எப்படி இல்லாமல் போகும்? மக்கள் சார்பில் ஆணையமே பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சு, நடந்ததைப் பார்த்தால் இனி எடுபடாது என்றும் சொன்னார். ஐம்பது வருடம் போல இந்தத் தொழில் நடந்தும், உரிமம் என்பது பொது நம்பிக்கையின் பேரில் கொடுக்கப்பட்டது, கடமை தவறினால் பறிபோகும் என்ற எளிய உண்மை இவர்களுக்கு உறைக்கவில்லை என்ற பொருளில் எழுதினார். பொதுமக்களையும் வைத்துக்கொண்டு முறையான விசாரணை நடத்து என்று ஆணையத்துக்கு உத்தரவிட்டார்.

பார்வையாளர் என்றால் விளம்பரக்காரருக்கு விற்கப்படும் தலைக்கணக்கு மட்டும்தான் என்றிருந்த நிலை அன்றோடு சட்டத்தில் மாறியது. பிறகு மற்ற ஊர்களிலும் மக்கள் குழுக்கள் தங்கள் ஊர் நிலையங்களின் உரிமத்தை எதிர்த்து மனுப் போட ஆரம்பித்தார்கள். நுகர்வோர் வழக்குகளுக்கும் இது முன்னுதாரணமானது.

ஜாக்சன் நிலையம் செய்தது மறைத்த தவறு. மறைக்காமல் காட்டியவர்கள் எல்லாம் சரியாகக் காட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. இதே வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 1965 ஆகஸ்ட் 11 அன்று, நாட்டின் மேற்குக் கோடியில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தது. ஆறு நாள், 34 சாவு. அங்கே கே.டி.எல்.ஏ. என்ற உள்ளூர் நிலையத்திடம் டி.வி. கேமரா பொருத்திய ஹெலிகாப்டர் இருந்தது. ஜான் சில்வா என்ற பொறியாளர் 1958இல் உருவாக்கியது, உலகத்திலேயே முதலாவது. எரிகிற தெருக்களை மேலிருந்து நேரலையாகக் காட்டினார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் பெரிய சாதனை. ஆனால் ஆகாயத்திலிருந்து பார்த்தால் புகை தெரியும், ஓடுகிற ஆள் தெரிவான். ஏன் ஓடுகிறான், அவன் வீட்டில் எத்தனை பேருக்கு வேலை இல்லை, போலீஸ் அவனிடம் நேற்று எப்படி நடந்துகொண்டது என்பதெல்லாம் அவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது.

1967இல் டெட்ராய்ட், நெவார்க் என்று நகரம் நகரமாக எரிந்த பிறகு அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் குழு, 1968 பிப்ரவரி கடைசியில் கொடுத்த அறிக்கையில் ஊடகங்களுக்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியது. எல்லாரும் நினைத்தது போல டி.வி. கலவரத்தை ஊதிப் பெருக்கியதாக அந்தக் குழு சொல்லவில்லை. எடுத்துப் பார்த்த செய்திப் படங்களில் கொந்தளிப்பான காட்சிகளைவிட அமைதியான காட்சிகளே அதிகம் என்றது. குற்றம் வேறு இடத்தில் இருந்தது. கலவரத்துக்கான காரணங்களை, கறுப்பினத்தவரின் அன்றாட வாழ்க்கையை, ஊடகங்கள் சொல்லவே இல்லை. வெள்ளையர் கண்ணால் பார்த்து வெள்ளையருக்காகச் செய்தி சொல்கிறார்கள் என்றது. செய்தித் துறையில் எழுத்து, ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதம்கூட இல்லை என்ற கணக்கையும் போட்டது. ஜாக்சனில் மதகை அடைத்ததும் மற்ற ஊர்களில் இப்படிக் காட்டியதும் வேறு வேறு மாதிரி தெரிந்தாலும், செய்தி அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்விக்குத்தான் இரண்டும் வந்து நிற்கின்றன. என் கருத்தில் அந்த அறிக்கையின் மற்ற பக்கங்களைவிட இந்த ஒரு கணக்கு முக்கியமானது.

ஜாக்சனுக்குத் திரும்புவோம். நீதிமன்றம் சொல்லியும் ஆணையம் விசாரணையை நடத்திய அழகைக் கேளுங்கள். ஆதாரம் கொண்டுவந்தவர்களையே எதிரியைப் போல நடத்தினார்கள். நிலையம் தவறு செய்தது என்று நிரூபிக்கும் சுமை முழுவதையும் மக்கள் தலையில் வைத்தார்கள். 1968இல் முழுசாக மூன்று வருட உரிமம் மறுபடி கொடுத்துவிட்டார்கள். மறுபடி மேல்முறையீடு. மறுபடி அதே நீதிபதி பர்கர். 1969 ஜூன் 20 அன்று வந்த தீர்ப்பில் அவருடைய கோபம் தெரிகிறது. இந்த விசாரணையை இனிச் சரிசெய்யவே முடியாது, உரிமம் செல்லாது, புதிதாக விண்ணப்பங்களை வாங்கு என்றார். மூன்று நாள் கழித்து, ஜூன் 23 அன்று, அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகப் பதவி ஏற்றார்.

1971இல் நிலையம் இரண்டு இனத்தவரும் சேர்ந்த, லாப நோக்கமில்லாத ஒரு நிறுவனத்தின் கையில் தற்காலிகமாக ஒப்படைக்கப்பட்டது. 1972இல் வில்லியம் டில்டே மேலாளராக வந்தார். பெரிய நிறுவனத்தோடு இணைந்த வணிக டி.வி. நிலையம் ஒன்றுக்கு அமெரிக்காவிலேயே முதல் கறுப்பின மேலாளர். அதுவும் மிசிசிப்பியில், அதுவும் ஃபிரெட் பியர்டின் நாற்காலியில்! கறுப்பினச் செய்தியாளர்களும் செய்தி வாசிப்பாளர்களும் வந்தார்கள். விளம்பரம் போய்விடும், நிலையம் மூழ்கிவிடும் என்று சொன்னவர்கள் சொன்னபடி நடக்கவில்லை. 1976ஆம் ஆண்டுக்கான பீபாடி விருது, மிசிசிப்பியின் அரசியலைத் தோண்டி எடுத்த இவர்களுடைய செய்தித் தொகுப்புக்குக் கிடைத்தது. நிரந்தர உரிமம் யாருக்கு என்ற இழுபறி எழுபதுகளின் கடைசி வரை போனது. முடிவில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் தலைவராக உட்கார்ந்தவர் கிளார்க்ஸ்டேல் மருந்துக்கடைக்காரர் ஏரன் ஹென்றி.

ஒன்றைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. அந்தக் காலத்து உள்ளூர்ச் செய்தி 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. கேமராக்காரர் தெருவில் எடுத்துவந்த சுருளைக் கழுவி, வெட்டி ஒட்டி, அன்று மாலையே போட்டுவிடுவார்கள். பல இடங்களில் அவற்றைப் பிறகு குப்பையில் போட்டார்கள். மூன்றாம் சேனலின் சுருள்கள் தப்பின. ஐம்பதுகளிலிருந்து 1971 வரையிலானவை இன்று ஜாக்சனில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஊர்வலங்களும் கைதுகளும் மேயரும் அதில் இருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்க்கிறார்கள். பல துண்டுகளுக்கு ஒலி கிடையாது. படம் ஓடும்போது ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்தி வாசிப்பவர் நேரடியாகப் படிப்பதுதான் வழக்கம். அதனால் அவர் யாரை மிஸ்டர் என்றார், யாரை வெறும் பெயரால் சொன்னார் என்பது அந்தச் சுருள்களில் பதியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், 1964 மார்ச்சில் பெயர் சொல்லாமல் உட்கார்ந்து எழுதிய அந்தத் தன்னார்வலர்களின் குறிப்புகளைத்தான் தேட வேண்டும்.